பிடிபட்ட ‘இன்வின்சிபிள்’ செய்த வேலை

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கடற்சண்டையில் பிடித்த பாய்மரப் போர்க்கப்பலை என்ன செய்வார்கள் என்பது ஒன்று. பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்த கப்பல்களைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் நல்ல போர்க்கப்பல் கட்டக் கற்றுக்கொண்டார்களா என்பது இன்னொன்று.

முதலாவதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஓட்டை உடைசலாகிவிட்ட கப்பலாக இருந்தாலொழிய எரிக்கவோ மூழ்கடிக்கவோ மாட்டார்கள். பெரிய போர்க்கப்பல் ஒன்று பல ஆண்டு உழைப்பு, ஒரு காட்டளவு ஓக் மரம், ஒரு நகரத்தின் வருமானம். அதை அப்படியே துறைமுகத்துக்கு இழுத்துவந்து, பழுது பார்த்து, பீரங்கியை மாற்றி, தங்கள் கொடியை ஏற்றி, பிடிபட்ட இடத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவதற்கு ‘ஆமாம், ஆனால் நினைப்பது மாதிரி இல்லை’ என்பதுதான் என் பதில். அதைச் சும்மா சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரே ஒரு கப்பலின் கதையை முழுதாகச் சொல்கிறேன். கப்பலின் பெயர் ‘இன்வின்சிபிள்’. வெல்ல முடியாதது என்று பொருள். இப்படிப் பெயர் வைக்கிறவர்களுக்கு விதி கொஞ்சம் கிண்டலாகத்தான் பதில் சொல்லும்.

கதை ஸ்பெயினில் தொடங்குகிறது. 1740 ஏப்ரலில் ‘பிரின்செசா’ என்ற ஸ்பானியக் கப்பலை மூன்று ஆங்கிலக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. ‘கென்ட்’, ‘லெனாக்ஸ்’, ‘ஓர்ஃபோர்ட்’. நான்குமே 70 பீரங்கி வகை. கணக்குப்படி ஒன்றுக்கு மூன்று, அரைமணி நேரத்தில் முடிந்திருக்கவேண்டும். பல மணி நேரம் ஆயிற்று. பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 70 என்ற எண்ணில்தான் அவை சமம், உடம்பில் ஸ்பானியக் கப்பல் எவ்வளவோ பெரியது.

ஆங்கிலேயர் ஏன் சின்னதாகக் கட்டினார்கள்? முட்டாள்தனம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன். ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்று ஒரு விதித்தொகுப்பு அவர்களிடம் இருந்தது. இத்தனை பீரங்கி என்றால் இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம் என்று அளவுகளைக் கட்டிப்போட்டது அது. ஒரு கப்பலின் பாய்மரம் முறிந்தால் இன்னொன்றுக்கு வைத்திருப்பது பொருந்தும், செலவும் முன்கூட்டியே தெரியும். உலகம் முழுக்கக் கப்பல் அனுப்பும் நாட்டுக்கு இது நியாயமான ஏற்பாடுதான். கோளாறு என்னவென்றால், எதிரிகள் அந்த விதிகளைப் படித்துக் கப்பல் கட்டவில்லை.

இதில் மிக மோசமாக மாட்டிக்கொண்டவை 80 பீரங்கி வகைக் கப்பல்கள். நீளம் போதாத உடம்பில் மூன்று அடுக்குப் பீரங்கித் தளத்தை ஏற்றினார்கள். கப்பல் குட்டையாகவும் உயரமாகவும் ஆயிற்று. காற்று கொஞ்சம் பலமாக அடித்துக் கப்பல் சாய்ந்தால், கீழ்த்தளத்துப் பீரங்கிக் கதவுகள் கடல்மட்டத்துக்கு வந்துவிடும். திறந்தால் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் மூடிவிட வேண்டியதுதான். கப்பலிலேயே பெரிய பீரங்கிகள் கீழ்த்தளத்தில்தான் இருக்கின்றன. ஆக, சண்டைக்குத் தேவையான நேரத்தில் அவை வெறும் பாரம்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். இரண்டே தளம், நீண்ட உடம்பு, கீழ்த்தளத்தில் கைக்குக் கிடைக்கிற பெரிய பீரங்கி, அந்தத் தளம் நீர்மட்டத்திலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கவேண்டும். 1739இல் தூலோனில் கட்டிய ‘டெரிபிள்’ இந்தப் பாதையில் போன ஆரம்பக் கப்பல்களில் ஒன்று. அதற்குப் பின் ரோஷ்ஃபோர் கட்டுமானத்தளத்தில் பியர் மோரினோ என்பவர் வடிவமைத்து, 1744 அக்டோபரில் தண்ணீரில் இறங்கியது நம்முடைய ‘இன்வின்சிபிள்’.

பீரங்கித் தளத்தின் நீளம் 171 அடிக்குச் சற்று மேல். அகலம் 49 அடிக்குச் சற்று மேல். ஆங்கிலேயரின் கணக்கில் 1,793 டன். (இந்த டன் எடையைக் குறிப்பதில்லை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வகுத்து எடுக்கும் கொள்ளளவுக் கணக்கு.) 1745ஆம் ஆண்டு ஆங்கில விதித்தொகுப்பில் மூன்று தளம் கொண்ட 90 பீரங்கிக் கப்பலே 1,730 டன்தான். 70 பீரங்கிக் கப்பல் 1,414 டன்.

‘இன்வின்சிபிள்’ 74 பீரங்கி வகை. எண்ணைப் பார்த்தால் 74க்கும் 70க்கும் நான்கே பீரங்கி வித்தியாசம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எத்தனை பீரங்கி என்று எண்ணினால் போதாது, ஒரு பக்கத்துப் பீரங்கிகள் ஒருசேர வெடித்தால் எத்தனை பவுண்டு இரும்பு எதிரிமேல் போய் விழும் என்று கூட்டிப் பார்க்கவேண்டும். பழைய ஆங்கில 70 கப்பலில் கீழ்த்தளத்தில் 24 பவுண்டு குண்டு போடும் பீரங்கி 26, மேலே 12 பவுண்டு பீரங்கி 26, அதற்கும் மேலே 6 பவுண்டு பீரங்கி 18. ஒரு பக்கத்துக்கு மொத்தம் 522 பவுண்டு. ‘இன்வின்சிபிள்’ ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் கீழ்த்தளத்தில் 32 பவுண்டு பீரங்கி 28, மேலே 18 பவுண்டு பீரங்கி 30, திறந்த தளத்தில் 9 பவுண்டு பீரங்கி 16 என்று தாங்கியது. ஒரு பக்கத்துக்கு 790 பவுண்டு. ஒன்றரை மடங்கு. பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்ததோ இன்னும் கனம், கீழ்த்தளத்தில் 36 பவுண்டு பீரங்கி. பிரெஞ்சுப் பவுண்டு ஆங்கிலப் பவுண்டைவிடப் பெரியது என்பதால் அந்தக் குண்டு ஆங்கிலத் தராசில் 39 பவுண்டுக்கு நெருங்கிவரும்.

இப்பேர்ப்பட்ட கப்பல் எப்படி மாட்டியது? இந்த இடத்தில் நம்ம ஊரும் கதைக்குள் வருகிறது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா போர்தொனே சென்னைப்பட்டினத்தைப் பிடித்துவிட்டார். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் கவர்னர். அவர் கண் கடலூரில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைமேல். ஆளும் பணமும் ஐரோப்பாவிலிருந்து வந்தாகவேண்டும். 1747 மே மாதம் பிரான்சிலிருந்து ஒரு பெரிய கப்பல் கூட்டம் கிளம்பியது. ஒரு பகுதி கனடாவுக்கு, இன்னொரு பகுதி இந்தியாவுக்கு. கனடாவுக்குக் கவர்னராகப் போகவிருந்த லா ஜோன்கியேர்தான் தளபதி. இந்தியாவுக்குப் போகும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குக் காவலாக வந்தது சான் ஜோர்ஜ் என்பவர் நடத்திய ‘இன்வின்சிபிள்’. இரண்டு கூட்டமும் ஆபத்தான கடலைச் சேர்ந்தே தாண்டிவிட்டுப் பிறகு பிரிவது என்று ஏற்பாடு.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால், 14 பெரிய போர்க்கப்பல்களோடு ஆங்கில அட்மிரல் ஆன்சன் காத்திருந்தார். நான்கு ஆண்டு உலகைச் சுற்றிவந்து, மணிலாவுக்குப் போன ஸ்பானிய வெள்ளிக் கப்பலைப் பிடித்துப் பணக்காரராகத் திரும்பியவர். மே 14ஆம் தேதி (ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டியில் மே 3) இரு தரப்பும் ஒன்றை ஒன்று கண்டன.

லா ஜோன்கியேரிடம் உண்மையான பெரிய போர்க்கப்பல் மிகக் குறைவு. கம்பெனியின் ஆயுதம் தாங்கிய சரக்குக் கப்பல்களையும் வரிசையில் நிறுத்தி, பார்வைக்குப் பெரிய படை மாதிரி காட்டி நேரத்தைக் கடத்தினார். சரக்குக் கப்பல்கள் அதற்குள் ஓடித் தப்பவேண்டும். ஆன்சனும் முதலில் முறைப்படி வரிசை கட்டத்தான் உத்தரவிட்டார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வாரன்தான், அவர்கள் நின்று சண்டையிட வரவில்லை, நேரம் கடத்துகிறார்கள் என்று எடுத்துச் சொன்னவர். ஆன்சன் வரிசையைக் கலைத்து, அவரவர் வேகத்தில் துரத்துங்கள் என்று கொடி ஏற்றினார். ஆன்சன் உலகைச் சுற்றிவந்த அதே பழைய ‘செஞ்சூரியன்’தான் முதலில் போய்ச் சேர்ந்தது. மாலை நான்கு மணி வாக்கில் தொடங்கி ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்தது. ஒவ்வொன்றாக எட்டிப்பிடித்து, இரண்டு மூன்று கப்பல்கள் சேர்ந்து ஒன்றை அடித்தார்கள். ‘இன்வின்சிபிள்’ எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தால் என்ன, தனியாக நின்றால் கதி அதுதான். பாய்மரம் சரிந்து, ஆள் செத்து, கடைசியில் கொடியை இறக்கியது.

நின்று சண்டையிட்ட காவல் கப்பல்கள் எல்லாமே பிடிபட்டன. அவற்றில் ‘குளோர்’ என்றும் ஒன்று இருந்தது. புகழ் என்று பொருள். “ஐயா, நீங்கள் வெல்லமுடியாததை வென்றுவிட்டீர்கள், புகழ் உங்கள் பின்னால் வருகிறது” என்று பிரெஞ்சுத் தளபதி வாளைக் கொடுக்கும்போது ஆன்சனிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. தோற்றவன் வாயில் இவ்வளவு நேர்த்தியான சிலேடை வந்ததா, பிறகு யாராவது செதுக்கி வைத்தார்களா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். பிடிபட்ட வெள்ளியும் தங்கமும் லண்டன் தெருக்களில் வண்டி வண்டியாக ஊர்வலம் போயின. ஆன்சன் பிரபுவானார்.

அந்தச் சண்டையில் ‘நாமூர்’ என்ற ஆங்கிலக் கப்பலை நடத்தித் தோளில் குண்டடி பட்டவர் பொஸ்காவன். அவரை நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டவர் அவர்தான். 1748 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை முயன்றும் கோட்டை விழவில்லை. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் முற்றுகையைக் கைவிட்டார். அந்த ‘நாமூர்’ 1749 ஏப்ரலில் கடலூர்ப் பக்கத்தில் புயலில் சிக்கி ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. பொஸ்காவன் அப்போது கரையில் இருந்ததால் தப்பித்தார்.

சரி, பிடிபட்ட கப்பலுக்கு வருவோம். பிடித்த கையோடு அது அரசன் கப்பல் ஆகிவிடாது. முதலில் கடற்படை நீதிமன்றம், இது சட்டப்படி பிடித்ததுதான் என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். பிறகு கட்டுமானத்தள அதிகாரிகள் விலை மதிப்பார்கள். அரசு அந்த விலையைக் கொடுத்து வாங்கும். பணம் பிடித்தவர்களுக்குப் பங்காகப் போகும். மொத்தத்தை எட்டாகப் பிரிப்பார்கள். கேப்டனுக்கு மூன்று பங்கு, அதில் ஒன்று அவருக்கு மேலே உத்தரவிட்ட அட்மிரலுக்கு. நடுத்தர அதிகாரிகள் தரத்துக்கேற்ப மூன்று பங்கை எடுத்துக்கொள்வார்கள். மீதி இரண்டு பங்கை நூற்றுக்கணக்கான மாலுமிகளும் சிப்பாய்களும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளவேண்டும். எதிரிக் கப்பலில் எத்தனை ஆள் இருந்தார்களோ அத்தனை தலைக்கும் ஐந்து ஐந்து பவுண்டு, பிடித்தவர்களுக்குத் தனியாக. எதிரிக் கப்பலை நொறுக்கி மூழ்கடிப்பதைவிட உருப்படியாகப் பிடிப்பதில் எல்லோருக்கும் ஏன் அவ்வளவு அக்கறை என்பது இதிலிருந்து விளங்கும்.

பெயரையும் பெரும்பாலும் மாற்றமாட்டார்கள். எதிரி வைத்த பெயரை எதிரிக்கு எதிராகவே சுமந்து போவதில் ஒரு திமிர் இருக்கிறது. அதே பெயரில் தங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தாலோ பெயர் பிடிக்காவிட்டாலோ மாற்றுவார்கள். லா ஜோன்கியேரின் ‘செரியூ’ ஆங்கிலேயரிடம் ‘இன்ட்ரெபிட்’ ஆனது, ‘தியமான்’ ‘ஐசிஸ்’ ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் ஹாக் என்ற ஆங்கில அட்மிரல் இன்னொரு சண்டையில் ஆறு கப்பல்களைப் பிடித்தார். அவற்றில் ‘டெரிபிள்’, ‘மொனார்க்’ இரண்டும் 74 வகை. ‘செவர்ன்’ என்று ஒன்றும் அகப்பட்டது. அது முந்தைய ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துப்போன ஆங்கிலக் கப்பல். வீட்டுக்குத் திரும்பிவந்த பிள்ளை மாதிரி.

இப்படிச் சிறைபிடித்த கப்பல்களில் இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1756இல் மினோர்கா தீவுக்குப் பக்கத்தில் அட்மிரல் பிங் பிரெஞ்சுப் படையோடு மோதியபோது, ‘இன்ட்ரெபிட்’டின் முன்மரத்து மேல்பகுதி முறிந்து விழுந்தது. அது தடுமாறியதில் பின்னால் வந்த வரிசையே குழம்பியது. பிங் அந்தக் குழப்பத்தைச் சரிசெய்யப் போய் நேரத்தைக் கோட்டைவிட்டார். மினோர்கா போயிற்று. கடமையை முழுதாகச் செய்யவில்லை என்று அவருக்கு மரணதண்டனை விதித்தார்கள். 1757 மார்ச் 14 அன்று போர்ட்ஸ்மத்தில் அவரைச் சுட்டுக் கொன்றது எந்தக் கப்பலின் தளத்தில் தெரியுமா? ‘மொனார்க்’. ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவர் வரிசையைக் குலைத்தது, இன்னொரு பிரெஞ்சுக் கப்பலில் அவர் உயிர் போனது. இரண்டிலும் பறந்தது இங்கிலாந்துக் கொடி.

‘இன்வின்சிபிள்’ போர்ட்ஸ்மத் வந்ததும் நடந்த முக்கியமான காரியம், அதை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் எடுத்ததுதான். பிடிபட்ட நல்ல கப்பலுக்கெல்லாம் இது வழக்கம். ஏரா எனும் அடிமரத்திலிருந்து மேலே போகப்போக உடம்பு எப்படி வளைகிறது, எங்கே அகலம் அதிகம், பீரங்கிக் கதவு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று எல்லாம் தாளில் ஏறின. எல்லாம் ஏறியும் பல ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் வடிவமைப்புக்குப் பொறுப்பான சர்வேயர் ஜேக்கப் ஆக்வொர்த் 1715 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். பழைய அளவுகளை விட அவருக்கு மனமில்லை. 1749இல் அவர் இறந்தார். அடுத்து வந்த ஆலினும் பெரிதாக எதையும் உலுக்கிவிடவில்லை.

மறுபக்கம், அந்தக் கப்பலைப் பிடித்த ஆன்சன் கடற்படை நிர்வாகத்துக்குள் மேலேறிக்கொண்டே இருந்தார். 1751இல் அதற்குத் தலைவரே ஆகிவிட்டார். எதிரிக் கப்பலின் தரத்தை மேசையில் உட்கார்ந்து படித்தவர் இல்லை அவர், துரத்திப் பிடித்துத் தெரிந்துகொண்டவர். 1755இல் ஆலின் விலகியதும் தாமஸ் ஸ்லேட், வில்லியம் பேட்லி இருவரையும் சர்வேயர்களாக அமர்த்தினார். அங்கிருந்துதான் கதவு திறந்தது. அதே ஆண்டு ஸ்லேட் ‘டப்ளின்’ என்ற 74ஐ வரைந்தார். 1757இல் ‘வேலியன்ட்’, ‘ட்ரையம்ஃப்’ என்று இரண்டு கப்பல்களுக்கு உத்தரவு போயிற்று. இவை இரண்டும் ‘இன்வின்சிபிள்’ வரைபடத்தையே எடுத்து வைத்துக் கட்டியவை.

இரண்டுக்கும் நீண்ட ஆயுள். ‘வேலியன்ட்’ 1759இல் இறங்கி 1761இல் பெல் ஈல் தீவிலும் அடுத்த ஆண்டு ஹவானாவிலும் கெப்பல் என்ற ஆங்கிலத் தளபதி ஏறிப்போன கொடிக்கப்பலாக இருந்தது. அதில் அப்போது கேப்டனாக இருந்தவர் டங்கன். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1797இல், அதே டங்கன் அட்மிரலாகக் கேம்ப்பர்டவுனில் டச்சுக்காரர்களை வென்றபோது அவர் படையில் ‘ட்ரையம்ஃப்’ நின்றது. 1810இல் இதே ‘ட்ரையம்ஃப்’ காடிஸுக்கு அருகே உடைந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து பாதரசத்தை மீட்டு ஏற்றிவந்தது. பாதரசம் வைத்திருந்த தோல் பைகள் அழுகி ஒழுகி, சுமார் 200 பேருக்கு வாயில் எச்சில் வழிந்து, ஈறு வீங்கி, நஞ்சேறியது. நச்சியல் படிப்பவர்களுக்கு இன்றும் இது பாடம். அந்தக் கப்பலை 1850 வாக்கில்தான் உடைத்தார்கள்.

‘அப்படியே நகல் எடுத்தார்கள்’ என்பது எவ்வளவு தூரம் சரி என்பதை இனிச் சொல்கிறேன். அவர்கள் எடுத்தது வெளி வடிவத்தை. உள்ளே மரத்தை எப்படி அடுக்குவது என்பதில் தங்கள் வழியை விடவில்லை. தோணி கட்டுகிறவர்கள் வங்கு என்பார்களே, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் சட்டங்கள், அவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் இலேசாகவும் ஆங்கிலேயர் கனமாகவும் நெருக்கமாகவும் வைத்தார்கள். காரணம் வேலையிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக் கப்பல் துறைமுகத்தில் தயாராகக் காத்திருந்து, தேவைப்படும்போது வேகமாகப் போய், காரியத்தை முடித்துத் திரும்பவேண்டும். ஆங்கிலக் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே மழையிலும் குளிரிலும் மாதக்கணக்கில் காவல் கிடக்கவேண்டும். அலை அடித்து அடித்து மூட்டு விட்டுப்போகும். பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் வேகமாகப் போனாலும் மரம் தளர்ந்து அடிக்கடி பழுதுக்கு வந்து நின்றன என்று ஆங்கிலக் கட்டுமானத்தளங்கள் ஓயாமல் முனகின. முனகலில் கொஞ்சம் தொழில் பொறாமையும் இருந்திருக்கும்.

விலையும் ஒரு பிரச்சினை. 1,800 டன் கப்பல்களை எத்தனை கட்டமுடியும்? ஸ்லேட் கொஞ்சம் சுருக்கினார். 1760இல் இறங்கிய ‘பெலோனா’ 168 அடி, சுமார் 1,600 டன். ‘இன்வின்சிபிள்’ கற்றுக்கொடுத்த பாடம் அதில் இருக்கிறது, ஆனால் அளவு ஆங்கிலேயரின் பணப்பைக்கு ஏற்றது. பிற்பாடு பெருகிய ஆங்கில 74 கப்பல்கள் பலவற்றுக்கு இதுதான் தாய் வடிவம். (நெல்சன் இறந்த ‘விக்டரி’யை வரைந்ததும் இதே ஸ்லேட்தான்.) 1805இல் டிரஃபால்கர் கடற்சண்டையில் நின்ற 27 ஆங்கிலப் பெருங்கப்பல்களில் 16 கப்பல் 74 பீரங்கி வகை.

பிடிப்பதும் அளப்பதும் ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. 1761 ஆகஸ்டில் இந்த ‘பெலோனா’ வீகோவுக்கு அருகே ‘கூராஜு’ என்ற பிரெஞ்சு 74ஐப் பிடித்தது. அதையும் அளந்தார்கள். அந்த அளவில் பின்னாளில் கட்டிய ஆங்கிலக் கப்பல்களில் ஒன்று, 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசனுக்குப் பரிசாகக் காசு கொடுத்துக் கட்டச்சொன்ன 74. அதன் பெயர் ‘கர்நாடிக்’. ஆற்காட்டு நவாபின் கர்நாடக நாடு, அதாவது நம் ஊர்தான். நம் மண்ணின் பெயரைத் தாங்கிய ஆங்கிலப் போர்க்கப்பலுக்குப் பிரெஞ்சு உடம்பு. தமிழ்நாட்டில் அந்த நூற்றாண்டு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இந்தக் கப்பலைக் காட்டலாம் என்று நான் நினைப்பதுண்டு.

இவ்வளவு பேரைப் பெற்ற மூலக் கப்பல் ஆங்கிலக் கடற்படையில் என்ன சாதித்தது? வெளிப்படையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றுமில்லை. 1748இல் சமாதானம் வந்தது. எய் லா ஷப்பேல் உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக ஆங்கிலேயர் கொடுத்தது கனடாக் கரையில், கேப் பிரெட்டன் தீவிலிருந்த லூயிபூர் கோட்டை. அடுத்த போரில் அந்த லூயிபூரை மறுபடி பிடிக்கத்தான் ‘இன்வின்சிபிள்’ அனுப்பப்பட்டது. 1757இல் ஹோல்பர்ன் தலைமையில் போன படை கோட்டைக்கு வெளியே காத்துக்கிடந்து, செப்டம்பர் கடைசியில் வந்த கடும் புயலில் சின்னாபின்னமாகித் திரும்பியது. ‘இன்வின்சிபிள்’ளும் அடிபட்டு வந்தது.

1758 பிப்ரவரியில் மறுபடியும் லூயிபூர். இந்தத் தடவை படைத்தலைவர் பொஸ்காவன். புதுச்சேரியில் மழைக்குப் பின்வாங்கிய அதே மனிதர். கேப்டன் ஜான் பென்ட்லி. ஒய்ட் தீவின் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் நங்கூரத்துறையில் படை நின்றது. பிப்ரவரி 19, விடிவதற்கு வெகுநேரம் முன்பே நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்கள். சேற்றில் புதைந்த நங்கூரம் அசையவில்லை. நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில் சுமார் 400 பேர் சேர்ந்து தள்ளினார்கள். ஒருவழியாகக் கிளம்பி மேலே வந்தது, வந்ததும் அணியத்தின், அதாவது கப்பலின் முன்முனையின், அடியில் போய் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கும் பாட்டில், காற்றை எதிர்த்துக் கப்பலைத் திருப்பப் பார்த்தார்கள். சுக்கான் இறுகிக்கொண்டது. திரும்பவேண்டிய கப்பல் திரும்பாமல் நேரே போய் ‘குதிரைவால்’ என்று பெயர்கொண்ட மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது.

மூன்று நாள் போராடினார்கள். பீரங்கிகளை இறக்கினார்கள், தண்ணீர் இறைத்தார்கள். காற்று விடவில்லை. கப்பல் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை, அதைச் சொல்லவேண்டும். மார்ச்சில் நடந்த கடற்படை விசாரணை இதை விபத்து என்று முடித்தது, பென்ட்லிக்குத் தண்டனை இல்லை. பொஸ்காவன் மற்றக் கப்பல்களோடு போனார், ஜூலையில் லூயிபூர் விழுந்தது. ஃபினிஸ்டரில் ஒரு ஆங்கிலப் படையே வளைத்துப் பிடித்த கப்பல், தாய்வீடான போர்ட்ஸ்மத்தின் வாசலில், எதிரி ஒருவனும் இல்லாத காலைப்பொழுதில், ஒரு சுக்கானால் போயிற்று.

பெயர் மட்டும் கடற்படையில் தங்கிவிட்டது. 1765இல் இறங்கிய அடுத்த ‘இன்வின்சிபிள்’ 1801இல் நார்ஃபோக் கரைக்கு அருகே மணல்திட்டில் மோதி சுமார் 400 பேரோடு போனது. 1916இல் ஜட்லாந்துக் கடற்சண்டையில் அதே பெயர்கொண்ட போர்க்கப்பல் வெடித்துச் சிதறியதில் பிழைத்தவர்கள் ஆறே பேர். பிறகும் அந்தப் பெயரை விடவில்லை. 1982 ஃபாக்லாந்துப் போருக்குப் போன விமானந்தாங்கியும் ‘இன்வின்சிபிள்’தான்.

மணலுக்கடியில் கிடந்த முதல் கப்பலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1979இல் போர்ட்ஸ்மத் பக்கத்து மீனவர் ஒருவரின் வலை அடியில் எதிலோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால் மரம். முக்குளிப்பவர்களை அழைத்துவந்து இறங்கிப் பார்த்தபோது பெரிய கப்பலின் பக்கம் ஒன்று மணலில் படுத்திருந்தது. 1980இலேயே சட்டப் பாதுகாப்புக்குரிய இடமாக அறிவித்தார்கள். அடுத்த பத்துப் பதினோரு ஆண்டு அகழாய்வு நடந்தது. காற்றுப்படாத மணலில் கிடந்ததால் கரையில் என்றோ மக்கியிருக்கக்கூடியவை எல்லாம் அப்படியே வந்தன. தோல் செருப்பு, மரக்கரண்டி, கயிற்றுச் சுருள், கப்பிகள், வெடிமருந்துப் பீப்பாய், நேரம் பார்க்கும் மணற்குடுவை, தளம் பெருக்கும் துடைப்பம். மணல்திட்டு நகர்ந்து மரங்கள் வெளியே தெரியத் தொடங்கியதால் 2017 முதல் 2019 வரை மறுபடி அவசரமாகத் தோண்டினார்கள். வட்டி விகிதத்தில் தில்லுமுல்லு செய்த வங்கிகளிடம் அரசு வாங்கிய அபராதப் பணத்திலிருந்துதான் அதற்குச் செலவு செய்தார்கள். பிடித்த பணத்தைப் பங்கு போடும் பழக்கம் அங்கே இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

இது எந்தக் கப்பல் என்று ஆரம்பத்தில் உறுதியாகத் தெரியவில்லை. மர அளவுகளைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் ஒரு சின்ன மரச்சீட்டு கிடைத்தது. பாய்களை மடித்து வைக்கும் அறையில் எது எந்தப் பாய் என்று தெரிவதற்காகக் கட்டிவைக்கும் சீட்டு. கப்பலின் அணியத்துக்கு முன்னே நீளும் மரத்தில் கட்டுகிற முக்கோணப் பாய் ஒன்றின் பெயரும் எண்ணும் அதில் செதுக்கியிருந்தன, முன்னால் ‘இன்வின்சிபிள்’ என்று. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு எழுத்து ஒன்றே. பாயின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.